வெளுத்த துணியும் எரிந்த முகமும்

"...எரிஞ்சால்தானே மருந்து வேலை செய்யுது எண்டு அர்த்தம்? நீதானே பிள்ளை அப்பிடிச் சொன்னனீ," என்றார் பவளம் மச்சாள் என்னைப் பார்த்து.

பவளம் மச்சாள் என் அண்ணனின் மனைவி. எனக்கும் அவருக்கும் நடுவில், ஈர மஞ்சள் துணியோடு பலகையில் இருந்தவள் அவரின் மகள் தர்சினி. அன்றைக்கு அவளின் சாமத்தியவீடு, பெரியபிள்ளையானதற்குச் செய்கிற தண்ணீர்வார்ப்பு. தகப்பனின் தங்கை என்ற முறையில் தலையில் பால் அறுகு வைத்துத் தண்ணீர் வார்க்கிற மாமி நான். முதற்செம்பு மஞ்சள் தண்ணீர் நெற்றியால் வழிந்து கன்னத்தில் பட்டதும் பிள்ளை இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "மாமி, எரியுது" என்று அழுதாள். அதற்குத்தான் தாய் அப்படிச் சொன்னார்.

எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. முகப்பருவுக்கு மருந்து பூசிக்கொண்டு, தோல் உரிந்து, ஊர் வாய்க்குப் பயந்து வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கோபம் விளங்க வேண்டுமென்றால் முதலில் என் முகத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

நான் கிளிநொச்சியில் தையல் தைக்கிறவள். பள்ளிக்கூடம் போனது கொஞ்சம். சீனி சுற்றி வந்த பேப்பரையும் வாசித்துவிட்டுத்தான் எறிவேன். மிச்சப் படிப்பெல்லாம் அளவு கொடுக்க வருகிற பெண்களின் கதையிலிருந்து வந்தது. ஆர் என்ன சொன்னாலும் எனக்கு மறக்காது. அதுவே பிறகு எனக்கு வினையானது.

இருபத்தைந்து வயது தாண்டியபிறகு நாடியிலும் தாடை ஓரத்திலும் பரு வந்தது. தொட்டால் நோகிற, உள்ளுக்குள் கட்டியாய் நிற்கிற பரு. "முகத்தில பயறு காயப்போட்டிருக்கிறியோ?" என்றார் ஒரு பெரியவர். மீன் கொண்டுவருகிற ஐயா, சூட்டு உடம்பு, பப்பாசிப்பழம் தொடாதே என்றார். அவர் போன கையோடு முன்வீட்டு அக்கா வந்து பப்பாசிப்பழம் நல்லாச் சாப்பிடு என்றார். கலியாணம் கட்டினால் போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். கட்டியவர்கள் முகத்திலும் பரு இருந்தது. அவர்களுக்குப் பிள்ளை பெற்றால் போய்விடும் என்றார்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் பேணிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சண்டை நடந்து, வன்னிக்குள் மருந்து வரவிடாத காலத்தில் ஒரு வீட்டிலும் மருந்தை எறியமாட்டோம். மிஞ்சிய அரைத் துண்டுக் குளிசை, பிதுக்கிய டியூப், கண்ணுக்கு விடுகிற துளி எல்லாம் பால்மா வந்த வெறும் தகரப் பேணிக்குள் போகும். பக்கத்து வீட்டில் காய்ச்சல் என்றால் பேணி வேலி தாண்டிப் போகும். எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றிய பேணிகள் அவை. பிந்திய ஆண்டுகளில் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோதும் உடுப்புக்கு முதல் அந்தப் பேணியைத்தான் தூக்கினோம். பேணியை நான் பழிக்கவில்லை. ஆனால் பாதை திறந்து, கடைகளில் மருந்து அடுக்கி வைத்த பிறகும் நாங்கள் பேணியிடம்தான் வைத்தியம் கேட்டோம்.

மச்சாளின் பேணியில் ஒரு டியூப் இருந்தது. அவரின் தகப்பனுக்குக் காலில் வந்த சிரங்குக்கு எங்கேயோ கொடுத்தது. பேணிக்குள் உரசி உரசி எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. மச்சாள் தன் கன்னத்துப் பருவில் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். அது வற்றிவிட்டது. எனக்குக் கொண்டுவந்து தந்தார். முகம் தேங்காய்ப்பூ மாதிரி வரும் என்றார்.

பொய் சொல்லக்கூடாது, வந்தது. சிவப்பு அடங்கியது. நிறமும் வெளித்தது. மீன்கார ஐயா, "கொழும்புத் தண்ணி குடிச்ச முகம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே இன்னும் பூசினேன். டியூப் முடிய, அதே மணத்தில் கடையில் விற்றதை வாங்கிப் பூசினேன். மச்சாளும் ஒன்று வாங்கித் தன் பேணிக்குள் போட்டுக்கொண்டார்.

சில மாதம் போக, வெயிலில் இறங்கினால் முகம் சுட்டது. நெற்றி முழுக்க வேர்க்குரு மாதிரி ஒரே அளவில் சின்னச் சின்னக் குருக்கள். கன்னத்தில் பூனைமயிர். தோலுக்குள் ஓடுகிற மெல்லிய சிவப்பு நரம்பு கண்ணாடியில் தெரிந்தது. ஒருநாள் பூசாமல் விட்டால் நெருப்புக்கு முன்னால் இருப்பதுபோல் இருக்கும். பூசினால் அடங்கும். அப்படித்தான் அது ஆளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

கடைசியில் வவுனியாவுக்குப் போனேன். சோதனைச் சாவடியில் ஒரு ஆமிப் பெட்டை அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது நீயா?" என்று கேட்டாள். அதே கேள்வியை அன்று காலையில் நானும் கண்ணாடியிடம் கேட்டிருந்தேன். ஓம் என்றேன்.

தோல் டொக்டர் களைத்துப்போன ஒரு அம்மா. டியூப்பை வாங்கி வாசித்தார்.

"ஸ்டீரொயிட்," என்றார். (வீக்கத்தையும் சிவப்பையும் அமுக்கி வைக்கிற மருந்து. சிரங்குக்குக் கொஞ்சக் காலம் பூசலாம். முகத்தில் மாதக்கணக்காகப் பூசினால் தோல் மெலிந்து, பருவும் பெருகும்.) "இதை முதல் ஆர் தந்தது?"

"வீட்டில இருந்தது டொக்டர்."

பேனையை மேசையில் வைத்தார். "வீட்டில இருந்தது. பக்கத்து வீட்டில இருந்தது. விடிஞ்சதில இருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

அவரின் கோபம் எனக்குப் பிடித்தது. என் முகத்துக்காக முதன்முதல் கோபப்பட்ட ஆள் அவர். அதுவரை எல்லோரும் என் முகத்தோடுதான் கோபப்பட்டார்கள்.

அந்தப் பூச்சை விட்டதும் முகம் வீங்கிச் சிவந்து கிடந்தது. மருந்தை விட்டதற்குத் தோல் செய்கிற சண்டை அது, கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்றார் டொக்டர். வெறும் ஈரப்பூச்சும் குடையும்தான். அது அடங்கிய பிறகுதான் உண்மையான மருந்து தந்தார். பென்சோயில் பெரொக்சைட்டு (பருவை உண்டாக்குகிற கிருமியைக் கொன்று, அடைபட்ட துவாரத்தைத் திறக்கிற பூச்சு).

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், உங்களுக்கும் உதவும். முகம் முழுவதற்கும் ஒரு பயறளவு காணும். பருவில் மட்டும் குவித்து வைக்கக் கூடாது. கண்ணோரம், வாயோரம், மூக்கு மடிப்பு வேண்டாம். தொடக்கத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள், கொஞ்ச நேரம் வைத்துக் கழுவ வேண்டும். பிறகு ஈரப்பூச்சு.

"எரியும், காயும், உரியும்," என்றார். "தாங்கக்கூடிய எரிவு எண்டால் இடைவெளி விட்டுப் பூசுங்கோ. வீங்கினால், தண்ணி வடிஞ்சால், உடன நிப்பாட்டிப்போட்டு என்னட்டை வாங்கோ. ரெண்டு மூண்டு மாதம் செல்லும். அதுக்குள்ள ஊர் சொல்லுறதைக் கேக்காதேங்கோ."

அது மட்டும்தான் ஏலாமல் போனது. வாயோரம் பாளம் பாளமாக வெடித்தது. சிரித்தால் இழுத்தது. மூக்கின் இரண்டு பக்கமும் செதில் செதிலாக உரிந்தது. எரியவில்லையா என்று மச்சாள் கேட்டபோது, எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று நான்தான் வாயை விட்டேன். துணி அளக்கக் குனிந்தால் கறுப்புத் துணியில் என் தோல் பொடியாகக் கொட்டும். அளவு கொடுக்க வந்தவர்கள் ஓரடி தள்ளி நின்றார்கள். "ஒட்டுமோ பிள்ளை?" என்று ஒருத்தி கேட்டாள். ஒட்டாது என்றேன். "ஓம், ஓம்," என்றவள் கதிரையின் நுனியிலேயே இருந்தாள்.

கெட்ட மருந்து பூசியபோது ஊர் மெச்சியது. நல்ல மருந்து பூசியபோது ஊர் முகம் சுழித்தது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பல் நெறுநெறுக்கும்.

தர்சினியின் ஊதா பிளவுஸை நான்தான் தைத்தேன். நூலைப் பல்லால் கடித்து அறுப்பது என் பழக்கம். கடிக்கக் குனிந்தபோது மருந்து காயாத நாடி பிளவுஸின் தோளில் பட்டிருக்கிறது. அடுத்த நாள் அந்த இடம் காசளவுக்கு வெளுத்துப் போயிருந்தது. இந்த மருந்து சாயத்தைத் தின்னும் என்று டொக்டர் தலையணை உறையைப் பற்றிச் சொன்னார். நூல் கடிக்கிற தையல்காரி ஒருத்தி இருப்பாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வேறு துணி எடுத்து முதலிலிருந்து தைத்தேன்.

மச்சாள் அந்த வெளுப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "துணியையே வெளுக்கிற மருந்து உன்ர முகத்தை ஏன் பிள்ளை வெளுக்கேல்லை?" என்றார். நானும் சிரித்துவிட்டேன். நல்ல கதை என்றால் அது எனக்கே விழுந்தாலும் சிரிப்பு வந்துவிடும்.

ஆனால் அடுத்து அவர் சொன்னதற்குச் சிரிக்க முடியவில்லை. வீடியோவுக்கு ஆள் வருகிறது, கனடாவில் சொந்தக்காரர் எல்லோரும் பார்ப்பார்கள், அதனால் தண்ணீர் வார்க்கும்போது கமராவுக்கு முதுகு காட்டி நிற்கட்டாம். என் முகத்தோடுதான் வருவேன் என்றேன். உரிகிறது என்றால் உரிகிற முகத்தோடு வருவேன்.

மகளின் முகத்துக்கு அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நாட்களை நான் இப்போது வேறு விதமாகத்தான் உணர்கிறேன். முந்தி எனக்குக் காலம் என்றால் தவணை, கிழமை, ஆர் எப்போது உடுப்பெடுக்க வருவார் என்பது. மருந்தோடு இருந்தபோது, தோல் தனக்கென்று ஒரு நடை வைத்திருக்கிறது என்று கண்டேன். என் அவசரத்துக்கு அது ஒருபோதும் ஓடவில்லை. மூன்றாவது மாதம் ஒருநாள் முகம் கழுவியபோது கை எங்கும் தடக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. தழும்பு இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் இது என் முகம்தானா என்று கேட்கத் தோன்றவில்லை.

சாமத்தியவீட்டு நாளில் அந்த மாதங்கள் இன்னும் முடியவில்லை. மூக்கோரம் உரிந்தபடிதான் செம்போடு நின்றேன்.

"கையை எடு குஞ்சு," என்று தர்சினியின் முகத்தைக் கிணற்றடி வெளிச்சத்துக்குத் திருப்பினேன். நெற்றியில் ஒரே அளவில் குருக்கள். மெலிந்து மினுங்குகிற கன்னம். அதில் பூனைமயிர். டொக்டரிடம் நான் கொண்டுபோன அதே முகம், பதின்மூன்று வயதுப் பிள்ளையில்.

"அம்மா ஒவ்வொரு நாளும் பேணியில இருந்து எடுத்துப் பூசினவா," என்றாள் மெதுவாக.

மச்சாளைப் பார்த்தேன். "என்ர எரிவு, எவ்வளவு பூச வேணும், எப்ப நிப்பாட்ட வேணும் எண்டு ஒரு டொக்டர் சொல்லித்தந்த எரிவு. இது என்ன எரிவெண்டு உங்களுக்குத் தெரியுமோ மச்சாள்? என்ர முகத்தில பாத்த பிறகும் பிள்ளைக்குப் பூசியிருக்கிறியள்."

"சனம் நிக்குது, பிறகு கதைப்பம். வீடியோ ஓடுது."

"ஓடட்டும். அந்த டியூப் இந்த வீட்டில கிடக்குமட்டும் நான் அடுத்த செம்பு வாக்கமாட்டன். நாளைக்கு இவளை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறது நான்."

மாமி வார்க்காமல் பிள்ளை பலகையை விட்டு எழும்ப ஏலாது. ஆரோ ஒரு கிழவி, "நல்ல நேரம் போகுதடி பிள்ளையள்," என்றாள். வீடியோக்காரன் கமராவைத் தாழ்த்தினான். நான் செம்பைக் கிணற்றுக் கட்டில் வைத்தேன்.

மச்சாள் விறுவிறென்று குசினிக்குள் போனார். பேணியோடு திரும்பி வந்தார். பாற்சோறு பொங்கிய வெளியடுப்புக்கு முன்னால் குந்தி, டியூப்பை எடுத்து அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி, கடைசிச் சொட்டும் வருமட்டும் சாம்பலுக்குள் பிதுக்கினார். எங்கள் ஊரில் ஒரு ஆள் மருந்தை எறிந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். வெறும் டியூப்பையும் தணலில் போட்டார். பிறகு டியூப்பின் மூடியை மட்டும் வாளித் தண்ணீரில் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்து, பேணிக்குள் போட்டு மூடினார்.