பரமேஸ் அன்ரியின் பால் போத்தல்

பரமேஸ் அன்ரி போய்விட்டார்.

இன்று காலை ரயிலில் வரும்போது அவருடைய மகன் போட்ட பதிவைப் பார்த்தேன். சனிக்கிழமையே சிட்னியில் எல்லாம் முடிந்துவிட்டதாம். அன்றைக்கு நான் இங்கே மெல்பேர்னில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன்...

உங்களில் ஒருவருக்கும் அவரைத் தெரியாது. நானே மூன்று தடவைதான் சந்தித்தேன். ஆனாலும் யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருக்கிறது. இந்த ரயிலில் யாரிடம் சொல்ல?

2010இல் சிட்னியில் எனக்கு ஒரு பார்ட் டைம் வேலை. மூட்டுவாத நோயாளிகளிடம் கேட்கும் ஓர் ஆங்கிலக் கேள்விப் படிவத்தைத் தமிழாக்கி, அது சரிவருகிறதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது. பொத்தான் போட முடிகிறதா, படி ஏற முடிகிறதா... சிரமமில்லை, கொஞ்சம் சிரமம், முடியவே முடியாது, ஏதாவது ஒன்றில் டிக் போடவேண்டும்.

அன்ரி இருந்தது சிட்னியின் புறநகரான கிரவீனில், மகன் வீட்டில். மகனும் மருமகளும் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கு. பகல் முழுக்க அன்ரி தனியே, வீங்கிய விரல்களோடு.

முதல் தடவை "தேங்காய் துருவ முடிகிறதா?" என்று கேட்டேன். நம் ஆட்களுக்கென்று நானே பெருமையாகச் சேர்த்த கேள்வி!

அன்ரி சிரித்தார். "இஞ்ச ஆர் பிள்ளை துருவுறது? துருவினது ஃப்ரீசருக்க கிடக்கு. பால் போத்தல் மூடி திறக்கேலுமோ எண்டு கேளும். அதுதான் ஒவ்வொரு நாளும் என்ர சீவனை எடுக்குது."

கேள்வியை மாற்றினோம். என் பெருமையும் அதோடு சரி.

இரண்டாவது தடவை, திருத்திய படிவத்தை நிரப்பினார். பால் போத்தலுக்கு "கொஞ்சம் சிரமம்". கிளம்பும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ரெண்டு கிழமையால இதே கேள்வியளோட வருவன் அன்ரி. ரெண்டு முறையும் பதில் ஒரே மாதிரி வந்தாத்தான் எங்கட ஃபோர்ம் சரி."

சொல்லியிருக்கவே கூடாது. கை மோசமானால் மோசம் என்றே எழுதலாம் என்பதைத்தான் சொல்லியிருக்கவேண்டும்.

இரண்டு வாரம் கழித்து, மூன்றாவது தடவை, ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டார். ஒரு டிக் கூட மாறவில்லை.

குசினி மேசையில் இரண்டு கோப்பை, உள்ளே நனையாத தேயிலைப் பைகள். பக்கத்தில் திறக்காத பால் போத்தல்.

"உமக்குத் தேத்தண்ணி போடுவம் எண்டு எவ்வளவு நேரமா மல்லுக்கட்டுறன். ஒருக்காத் திறந்து விடும் பிள்ளை."

"அப்ப ஏன் அன்ரி 'கொஞ்சம் சிரமம்' எண்டு போட்டனீங்கள்?"

அன்ரி ஒரு கலண்டர் தாளை எடுத்து நீட்டினார். போன தடவை நான் வெளியே இறங்கிய கையோடு, தன் பதில்கள் அத்தனையையும் அதில் எழுதி வைத்திருக்கிறார்.

"பதில் மாறினா உமக்கெல்லே கரைச்சல். பிறகு உம்மை இஞ்ச அனுப்பமாட்டினம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்து எழுதிய படிவத்தைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று மெல்லச் சொன்னேன்.

"அப்ப நான் ஃபெயிலோ?"

"நீங்கள் இல்லை அன்ரி. நான்தான்."

தேநீர் குடித்தோம். நான் கிளம்புவதற்கு முன் ஃப்ரிட்ஜில் இருந்த மற்றப் போத்தல்களையும் எடுத்து வைத்தார். ஊறுகாய், ஜாம், சட்னி... எல்லா மூடிகளையும் தளர்த்திக் கொடுத்தேன்.

"இறுக்கி மூடாதையும். சும்மா மேல வைச்சு விடும்." பிறகு, "அடுத்த முறை எப்ப பிள்ளை?"

அடுத்த முறை என்று ஒன்று அந்த வேலையில் இல்லை. "வேலை இல்லாட்டியும் வருவன் அன்ரி" என்றேன்.

அதன்பிறகு எட்டு மாதம் சிட்னியில்தான் இருந்தேன். அன்ரி வீடு ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. போகவில்லை. சொல்ல ஒரு காரணம் கூட இல்லை...

அன்றைக்குத் தளர்த்திவிட்ட மூடிகள் ஒரு கிழமைக்குப் போதுமா? அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் அன்ரி?

மன்னித்துக்கொள்ளுங்கள். போய் வாருங்கள்.