பட்டினித் தொட்டி

ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் கடலாய்வுக் கூடத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். முன்பு பதினோரு வருடம் விடுதிச் சமையல்காரி. இப்போது தொட்டி கழுவுகிறாள். அவள் கரண்டி பிடித்த காலத்தில் விடுதியில் பசியோடு படுத்தவர் யாருமில்லை. அந்தப் பெருமைதான் அவளை வம்பில் மாட்டிவிட்டது.

தொட்டிகளில் இருந்தவை அரிசியளவுக் கடல் நத்தைகள். ஓடு கிடையாது, உடம்பெல்லாம் பச்சை. பாசியை உறிஞ்சித் தின்று, அதிலுள்ள பச்சையை மட்டும் செரிக்காமல் பத்திரப்படுத்தி, இலையைப் போல வெளிச்சத்தில் உணவு தயாரித்துக்கொள்ளுமாம். பாசியே இல்லாமல் வெறும் வெளிச்சத்தில் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க, ஆய்வாளரம்மா இருபதைத் தனித் தொட்டியில் விட்டிருந்தார். மூன்றாம் நாளே பம்பரத்துக்குப் பொறுக்கவில்லை. வெளிச்சத்தைத் தின்று எந்த வயிறு நிறையும்? தினமும் காலையில் ஒரு சிட்டிகை பாசியைப் போட்டாள்; ஆள் வருவதற்குள் மிச்சத்தை வழித்தெடுத்தாள்.

ஐம்பதாம் நாள் ஆய்வாளரம்மா சிரித்த முகமாக வந்தார். "ஒண்ணுகூடச் சாகலக்கா. இளைக்கக்கூட இல்ல. மத்தியானம் அறிக்கைய அனுப்பிடுவேன்."

பம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த கண்ணாடியையே நாலு தடவை துடைத்தாள். சொன்னால் வேலை போகும்; அந்தம்மாவின் ஐம்பது நாள் பாடும் பாழ். சொல்லாவிட்டால் அவளுடைய திருட்டுச் சாப்பாடு விஞ்ஞானமாகிவிடும். அடிப்பாவி, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று தன்னையே திட்டிக்கொண்டு அறை வாசல்வரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள்.

"மேடம், அனுப்பாதீங்க. நான் தினமும் பாசி போட்டேன்."

ஆய்வாளரம்மாவின் முகம் செத்துவிட்டது. "ஏங்க்கா?"

"பசிக்குமேன்னு."

அறிக்கையை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினார். பிறகு, "முதல்லேருந்து ஆரம்பிக்கணும். புதுசா இருபது. நீங்கதான் பாத்துக்கணும்" என்றார்.

"என்னால முடியாது மேடம். வேற ஆள வைங்க."

"வேற ஆளா இருந்தா வந்து சொல்லியிருக்கமாட்டாங்க."

மறுநாளிலிருந்து பம்பரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் அந்தத் தொட்டியருகே போனாள். பன்னிரண்டாம் நாள் நத்தைகள் இளைக்கத் தொடங்கின. நோட்டில் 'இருபதும் உயிரோடு' என்று எழுதினாள். அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள், ஒரு வாய்கூட வைக்காமல் மூடிவிட்டாள்.