மலைத் தண்ணீர்

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, காலாண்டு லீவில் ஒருநாள் அம்மா என்னையும் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூட்டிப் போனாள். கம்பம் பக்கத்தில் எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் விடிகாலையில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைக்கு மேலே கேரளத்தில் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புகிறவர்கள்தான்.

காய் பறித்துக்கொண்டிருந்த அம்மா திடீரென்று செடி மூட்டில் சரிந்துவிட்டாள். பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்த சித்தியும் நானும் தாங்கிப் பிடித்துத் தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டு வராந்தாவுக்குக் கொண்டுபோனோம். நல்லவேளை, மாதாமாதம் வீடு வீடாக வரும் நர்ஸ் அங்கே இருந்தார். அம்மாவின் கீழிமையை இழுத்து, உள்ளே வெளுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, விரலில் குத்தி ஒரு துளி ரத்தத்தைச் சின்ன மெஷினில் வைத்துப் பார்த்தார். மலையாளம் கலந்த தமிழில் பதறினார்.

"ஐயோ சேச்சி, ரத்தம் தீரெ கொறவு, ரொம்பக் கொறவு! எப்படி மலை ஏறி வருது நீங்க?"

தோட்டக்காரர் மனைவியும் சிரித்துக்கொண்டே விரலை நீட்டினார். அவருக்கு வேண்டிய மட்டும் இருந்ததாம். பேச்சுவாக்கில் இருவருக்கும் ஒரே வயது என்று தெரிந்தது. நான் நம்பவில்லை. அம்மா பத்து வயது மூத்தவள் போலிருந்தாள்.

கம்பத்து ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி நர்ஸ் சீட்டு எழுதிக் கொடுத்தார். அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு மறுபடியும் செடிக்குள் இறங்கினாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரே வயதில் அவருக்கு இருக்கிற ரத்தம் அம்மாவுக்கு ஏன் இல்லை என்று சித்தியிடம் கேட்டேன்.

"நம்ம பக்கத்துப் பொம்பளைக யாருக்குடி ரத்தம் இருக்கு? எனக்குந்தான் தல சுத்துது. இங்கன உள்ளவுகளுக்கு என்ன, தண்ணி அப்பிடி!"

அதுபோதும் எனக்கு. தோட்டத்து ஓடையில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டேன். வீட்டில் யாருக்கும் தெரியாமல் அம்மாவின் டம்ளரில் தினமும் கொஞ்சம் கலந்தேன். பாட்டில் தீர்ந்த அன்று, நர்ஸ் செய்தது போலவே அவள் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவமாம்மா?"

"போனா ஒரு நா வேல போயிரும்ல ஆத்தா. ஜீப்புல வேற ஆள ஏத்திருவாக."

தண்ணீர் ஏன் வேலை செய்யவில்லை என்று குழம்பிக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா, ரத்தம் ஊறட்டும் என்று, அவளுக்காக ஈரல் வாங்கி வந்தார். அம்மா வதக்கி, எனக்கும் தம்பிக்கும் பங்கு வைத்தாள்.

"உனக்கும்மா?"

"எனக்கு அந்த வாடையே ஆகாதுடி."

அப்படியா என்று கேட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் வை என்று தட்டை நீட்டினேன்.