ஆளில்லாத பை

என் கணவர் பஸ்தியாம்பிள்ளை மாதாவைத் தவிர வேறு யாரையும் நம்பமாட்டார். டென்மார்க்கில், பிராண்டேயில் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் இத்தனை வருடம் வேலை செய்தும், தன் சாப்பாட்டுப் பெட்டியைப் பூட்டித்தான் வைப்பார். டெனிஷ்காரர் தூங்கும் குழந்தையை வண்டியோடு கடை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய்க் கோப்பி குடிப்பார்கள். எங்கள் ஸ்ரெபானி கைக்குழந்தையாக இருந்தபோது நானும் அப்படி விட்டேன். இவரோ பனிக்குள் வண்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டே கோப்பியைக் குடித்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் இவரைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

அந்த ஸ்ரெபானி இப்போது ஜப்பானில் வேலை செய்கிறாள். போன ஏப்ரலில் அவளைப் பார்க்கக் கியோட்டோவுக்குப் போனோம். அவள் யூட்டா என்றொரு ஜப்பான்காரப் பையனைக் கட்ட ஆசைப்படுகிறாள் என்பது எனக்குத் தெரியும். இவருக்குத் தெரியாது. தெரிந்தால் விமானம் ஏறியிருக்கமாட்டார். புத்தகங்கள் நிறைந்த ஒரு கோப்பிக்கடையில் இவரையும் யூட்டாவையும் சந்திக்க வைப்பதென்று தாயும் மகளும் திட்டம் போட்டிருந்தோம்.

நிலத்திலிருந்து முகடு வரைக்கும் புத்தகங்கள். கடை நிறைய ஆட்கள், ஆனால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. இவர் கடவுச்சீட்டுகள் இருந்த தோள்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஏன் ஒருத்தரும் கதைக்கினமில்லை?"

"வாசிக்கினம் அப்பா."

"இவ்வளவு பேருமோ?"

ஜன்னலோர மேசைக்குப் போனோம். அங்கே ஒரு கதிரையில் கறுப்புப் பை ஒன்று தனியாக இருந்தது. இவரின் முகம் வெளிறிவிட்டது. சண்டைக் காலத்தில் மன்னாரில் பஸ் ஏறியவர்களுக்கு ஆளில்லாத பை என்றால் குண்டு என்று நான் சொல்லத் தேவையில்லை.

"ஆற்ற பை இது?" என்றார். பதில் இல்லை. "எழும்பி ஓடுங்கோ எல்லாரும்!" என்று தமிழில் கத்தினார், பிறகு டெனிஷிலும் கத்தினார். ஏதோ சொல்ல வந்த ஸ்ரெபானியைப் பேசவிடாமல், எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினார். வாசித்துக்கொண்டிருந்தவர்கள் புத்தகத்துக்குள் விரலை வைத்தபடி எங்களைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது.

"அது யூட்டாவின்ர பை அப்பா!" ஸ்ரெபானி அழுதாள். "இஞ்ச பையை வைச்சுத்தான் இடம் பிடிக்கிறவை. அவர் எங்களுக்குக் குடை கொண்டு ஸ்ரேசனுக்குப் போனவர், நாங்கள் வேற வழியால வந்திட்டம்."

"யூட்டா ஆர்?"

ஒரே மூச்சில் சொன்னாள். "நீங்கள் ஓம் எண்டால்தான் கட்டுவன்" என்றும் சொன்னாள்.

இவர் என் பக்கம் திரும்பினார். "உமக்கும் தெரியுமோ?"

நான் மழையைப் பார்த்தேன்.

"பையை நடுக்கடையில விட்டிட்டுப் போற விசரனுக்கோ என்ர பிள்ளையைக் குடுக்கிறது?"

"அப்பா, நான் இப்ப வண்டிலுக்குள்ள இல்லை."



அப்போது யூட்டா ஓடி வந்தான். கையில் மூன்று குடைகள், மூன்றும் எங்களுக்கு. அவன் தொப்பலாக நனைந்திருந்தான். "தான் ஏன் நனையிறார்?" என்று இவர் அதையும் சந்தேகப்பட்டார். உள்ளே போனதும் யூட்டாவிடம் அவன் பையைத் திறந்து பார்க்கச் சொன்னார். ஒன்றும் குறையவில்லை. அதுவும் இவருக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் கடையில் நாமே போய்த்தான் கோப்பி கேட்கவேண்டும். யூட்டா எழுந்தான். அவன் பின்னால் இவரும் எழுந்தார்.  பிறகு தோள்பையைக் கழற்றித் தன் கதிரையில் வைத்தார். ஸ்ரெபானி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

கோப்பி வாங்கப் போகும் வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஆனால் வந்து எடுக்கவில்லை.