நல்லவர் என்று மட்டும் சொல்லக் கூடாது

என் வாயை அடக்க எங்கள் வக்கீல் பட்ட பாடு கொஞ்சமல்ல. "ஆத்தா, களவு நடந்த அன்னைக்கு ஒன் வீட்டுக்காரரு ஒங்கூட தேவாரம் ஊர்ல விசேஷ வீட்ல இருந்தாரு. அத மட்டும் சொல்லிட்டு எறங்கிரு. நல்லவரு, வல்லவருன்னு ஆரம்பிச்சிராத. நாம பேசாத வரைக்கும் அவுக பழசத் தொட முடியாது. பேசுனே, எல்லாத்தையும் கிண்டிருவாக."

பழசு என்பது இதுதான். கல்யாணத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் ஒரு தோட்டத்தில் ஒரு கை ஏலக்காய் எடுத்து, மாட்டி, அபராதம் கட்டியிருந்தார். இந்த வழக்கு வந்த எழுபதுகளின் கடைசியில், போடிமெட்டுச் சரிவில் காய் உலர்த்தும் ஸ்டோரில் அவருக்கு வேலை. அங்கே காய் உலர்வதற்குள் யாரோ ஒரு மூட்டை அள்ளிக் கட்டிப் புதரில் ஒளித்துவிட்டார்கள். போலீஸ் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தது. நிரூபணமானால் ஜெயில்.

கூண்டில் ஏறி, தேவாரத்து விசேஷ வீட்டில் இருந்ததைச் சொன்னேன். அத்தோடு இறங்கியிருக்கலாம். அரசு வக்கீல் உதட்டைச் சுழித்தார், பாருங்கள், எனக்குப் பொறுக்கவில்லை.

"எம் புருசன் சொக்கத் தங்கம்யா! ஒரு காயத் தொட மாட்டாரு!"

எங்கள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். அரசு வக்கீல் துள்ளி எழுந்து பழைய வழக்கை வாசித்தார். "பொறுக்கி எடுத்த முதல்தரக் காய்" என்று அதில் இருந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆமாய்யா, எடுத்தாரு! எங்க நிச்சயதார்த்தப் பாயசத்துக்கு எடுத்தாரு, நானும் குடிச்சேன். அது காயி! இது என்ன கருமம்?" மேசை மேலிருந்த மூட்டையில் கையை விட்டு அள்ளிக் காட்டினேன். "பூசணம் பூத்துக் கெடக்கு. ஈரத்தோட கட்டுனா இப்படி ஆகும்னு போடியில பச்சப்புள்ளைக்கும் தெரியும். தெனமும் காயில கை வைக்கிற மனுசனா இதக் கட்டுவாரு? திருடுனாலும் தரம் பாத்துத் திருடுவாருய்யா!"

கோர்ட்டே சிரித்தது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையை மாஜிஸ்ட்ரேட் கேட்டார். "ஆமாங்கய்யா, வெவரம் தெரிஞ்சவன் கட்ட மாட்டான்" என்று அவரே ஒத்துக்கொண்டார். பழைய தப்பு இந்த மூட்டைக்குச் சாட்சியாகாது, எடுத்ததைப் பார்த்தவரும் இல்லை என்று மாஜிஸ்ட்ரேட் விடுதலை செய்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"மானத்த வாங்கிட்டியேடி" என்று பஸ்சில் ஊர் வரும்வரை சிரித்தார் என் வீட்டுக்காரர்.

சாயங்காலம் பாயசத்துக்கு அடுப்பு மூட்டினேன். வெரசாகக் கடைக்குப் போய் வந்தவர், முதலில் பில்லை என் கையில் கொடுத்தார். அப்புறம்தான் ஏலக்காயைக் கொடுத்தார்.