சுறா எண்ணெய் குடித்த கார்

நேற்றுக் காலை என் சட்டைப் பையில் ஒரு மாத்திரை உடைந்துவிட்டது. இதயத்துக்கு நல்லது என்று இப்போதெல்லாம் வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் எழுதிக் கொடுக்கிறார்களே, மஞ்சளாக மினுங்கும் மீனெண்ணெய் மாத்திரை, அதுதான். சட்டையை இரண்டு விரலால் பிடித்துக் கொல்லைக்குக் கொண்டுபோன என் மனைவி, "மீனு திங்கிற வீடுதான். அதுக்காகப் பாக்கெட்ல வச்சுகிட்டா ஆபீஸ் போவாங்க" என்றாள். சிரித்திருக்க வேண்டிய பேச்சுதான். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. காலைப் பலகாரம் உள்ளே இறங்கவில்லை.

எனக்கு மீன் ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். காரைக்கால் கோவில்பத்தில் எங்கள் வீட்டில் வெள்ளி, சனி, அமாவாசை, கிருத்திகை தவிர மற்ற நாளெல்லாம் மீன் நாள்தான். சங்கரா குழம்பை மறுநாள் பழையதற்குத் தொட்டுக்கொள்கிற ஜாதி நான். ஆனால் மீனெண்ணெய் வாடை மட்டும் ஆகாது. அதற்குக் காரணம் ஒரு கார். காருக்கும் மீனெண்ணெய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு சம்பந்தமும் கிடையாது. உண்டாக்கியவன் நான்.

சுனாமி வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். எனக்கு அரசு அலுவலகத்தில் புதிதாக எழுத்தர் வேலை. பக்கத்து மேசையில் சிவபாலன். தலத்தெருக்காரன். பிரான்சுக்கும் காரைக்காலுக்குமாகப் போய்வரும் ஒரு குடும்பத்தின் கொட்டகையில் கிடந்த பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை எப்படியோ பேசி வாங்கிவிட்டான். சிவப்பு நிறம், இரண்டே கதவு. விளக்குப் போட்டால் முன்னால் இரண்டு மூடிகள் தவளைக் கண் மாதிரி எழும்பும். பின்னால் ஒரு சீட் உண்டு. காய்கறிப் பை உட்காரலாம், மனிதன் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும்.

சிவபாலனின் அப்பாவுக்கு அந்தக் கார் பிடிக்கவில்லை. கொம்யூன் பஞ்சாயத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸ் பேனாவால் வீட்டுக் கடிதம் எழுதாத மனிதர். வீடு சுத்த சைவம், வெங்காயம்கூட விசேஷ நாட்களில் வாசல்படி தாண்டாது. சனிக்கிழமை தவறாமல் பஸ்ஸில் திருநள்ளாறு போய் எள் தீபம் ஏற்றிவிட்டு வருவார். "வாங்கப்பா, கார்ல போவோம்" என்று சிவபாலன் ஒரு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவரும் ஒரு வருடமாக, "அது பாலம் ஏறுறதுக்குள்ள நான் நடந்தே போயி சாமி கும்புட்டுட்டு வந்துருவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொய்யில்லை. வழியில் ஆற்றுப் பாலம் ஏறும்போது அந்த வண்டி காசநோய்க்காரனைப் போல இருமும். அப்பாவை ஒரு தடவையாவது அதில் உட்காரவைத்துவிட வேண்டும் என்பது சிவபாலனுக்கு ஒரு வெறியாகவே இருந்தது. ஒரு பிள்ளை தன் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் வண்டி, வேறென்ன.

இங்கேதான் நான் வருகிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. ஆனால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்காக உட்கார்ந்து படித்து, கார் நிபுணன் ஆகியிருந்தேன். இஞ்சினுக்குக் காற்று போதவில்லை, கம்பெனி போட்டுக்கொடுத்த கறுப்புப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுச் சிவப்புத் துணியில் கூம்பாக வரும் வெளிநாட்டு ஏர் ஃபில்டரை மாட்டினால் வண்டி பறக்கும் என்று சிவபாலனுக்கு வேப்பிலை அடித்தேன். இன்றைக்குத் தெருவில் அந்த ஃபில்டரோடு உறுமிக்கொண்டு போகும் பையன்களைப் பார்த்தால் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது. யார் கன்னத்தில் என்பது வேறு விஷயம்.

மூன்று வாரம் காத்திருந்து ஃபில்டர் பார்சலில் வந்தது. கூடவே விரல் உயரத்துக்கு ஒரு சின்னப் பாட்டிலில் சிவப்பு எண்ணெய். துணி ஃபில்டர் அல்லவா, அந்த எண்ணெயில் நனைத்தால்தான் தூசியைப் பிடிக்கும். டவுன் மெக்கானிக்குகள் அந்தக் காரைத் தொடமாட்டார்கள். மீனவர் ஊரான கிளிஞ்சல்மேட்டில் படகு இஞ்சின் பார்க்கும் செல்வமணிதான், "இஞ்சின்னா எல்லாம் இஞ்சின்தானுங்க" என்று திறந்து பார்ப்பான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் கொட்டகைக்குப் போனோம். மறுநாள் காலை கோயிலுக்குக் காரில் வருவதாக அப்பா ஒருவழியாக ஒத்துக்கொண்டிருந்தார்.

பழைய கறுப்புப் பெட்டியின் கிளிப்புகளைச் செல்வமணி கழற்றினான். மூடியைத் தூக்கியதும் மூவரும் ஒரே சமயத்தில் பின்னால் நகர்ந்தோம். உள்ளே எலி குடித்தனம் நடத்தியிருந்தது. வைக்கோல், பஞ்சு, கடித்துத் துப்பிய கல்யாணப் பத்திரிகை, அதற்கு நடுவில் காய்ந்து சப்பையாகிப் போன மூன்று எலிக்குஞ்சுகள். பேப்பர் ஃபில்டரில் பாதியைத் தின்றுவிட்டு மீதியில் மூத்திரம் பெய்து வைத்திருந்தது. இத்தனை நாளும் வண்டி அதன் வழியாகத்தான் மூச்சு வாங்கியிருக்கிறது. இருமாமல் என்ன செய்யும்.

"இதாங்க வியாதி" என்றான் செல்வமணி. "பொட்டிய கழுவிப்புட்டு புதுப் பேப்பர் ஒண்ணு போட்டா பழையபடி ஓடும். இந்தச் செகப்புக் கூம்பு எதுக்குங்க?"

சிவபாலன் என்னைப் பார்த்தான். நிபுணன் தோற்கலாமா. "பொட்டி இருந்தாத்தான செல்வமணி எலி வரும்? பொட்டியே வேணாம்" என்றேன். இந்தப் பதிலில் எனக்கு அன்றைக்கு அசாத்தியப் பெருமை. வேலியில் போகும் ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறவனுக்கும் அந்த நிமிஷத்தில் பெருமையாகத்தான் இருக்கும்.

குழாயும் கூம்பும் சேரும் இடத்தில் கிளாம்ப் பொருந்தவில்லை. வேறு கிளாம்ப் வாங்கிவரச் செல்வமணி அண்ணன் வீட்டுக்குப் போனான். சிவபாலன் டீ வாங்கப் போனான். "நீ எண்ணெய ஊத்தி வச்சிரு" என்று போகும்போது என்னிடம் சொன்னான். பாட்டில் மூடி இறுகியிருந்தது. பல்லால் கடித்துத் திருகினேன். மூடி வாயில் இருந்தது, பாட்டில் காலடியில் கிடந்தது. மூன்று வாரம் காத்திருந்து வந்த எண்ணெயைக் கிளிஞ்சல்மேட்டு மணல் அரை நிமிஷத்தில் குடித்துவிட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். "கொட்டிட்டேன்டா" என்று ஒரே ஒரு சொல். சிவபாலன் நாலு வசவு வைதிருப்பான், செல்வமணி சிரித்திருப்பான். நிபுணன் சுற்றும்முற்றும் பார்த்தான். கொட்டகை மூலையில் ஒரு தகர டின் இருந்தது. செல்வமணியின் அப்பா காலத்து மரப்படகுக்குப் பூசிய சுறா எண்ணெய். பலகையில் உப்பு ஏறாமல் இருக்க அதைத்தான் பூசுவார்கள். பழுப்பாக, சளி மாதிரி கெட்டியாக இருந்தது. எண்ணெய்க்கு எண்ணெய், பிசுபிசுப்புக்குப் பிசுபிசுப்பு, தூசி ஒட்டினால் சரி என்று ஒரு குவளை நிறைய மொண்டு சிவப்புத் துணியில் ஊற்றினேன். நிறத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

வாடை தெரியாமலா போயிற்று என்று கேட்பீர்கள். கிளிஞ்சல்மேட்டில் எந்த வாடையைத் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியும்? கொட்டகைக்கு வெளியே நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. போய் அரைமணி நேரத்தில் எங்கள் மூக்கு மரத்துப் போயிருந்தது. செல்வமணி கிளாம்பை இறுக்கினான், டீ குடித்தோம், வண்டியைக் கிளப்பியதும் ஒரு உறுமல் உறுமியது பாருங்கள். சிவபாலன் என் தோளைத் தட்டினான்.

மறுநாள் காலை நான் தலத்தெரு போனபோது காரின் பானெட்டின் மேல் இரண்டு பூனைகள் உட்கார்ந்திருந்தன. சிவபாலனின் அம்மா துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். "என்னன்னு தெரியல, விரட்ட விரட்ட வருது" என்றார். எனக்கு முந்தின நாள் தகர டின் ஞாபகம் வந்தது. இருந்தும், வண்டி பாலம் ஏறுவதை நேரில் பார்க்கும் ஆசையில் பின் சீட்டில் மடங்கி உட்கார்ந்தேன். அப்பா குளித்து, விபூதி பூசி, எள் முடிச்சையும் நல்லெண்ணெயையும் மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். கதவைச் சிவபாலனே சாத்தினான். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. அதைச் சொல்லாவிட்டால் பாவம். "பரவால்லடா, இழுக்குது" என்றுகூட அப்பா சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவன் ஒரு வருடம் காத்திருந்தான். இஞ்சின் சூடேறச் சூடேற, நான் அளவில்லாமல் ஊற்றிய எண்ணெய் சொட்டிப் புகைக்குழாயில் விழுந்து பொரிய ஆரம்பித்தது. முதலில் லேசாக. பிறகு காற்றுத் துவாரங்கள் வழியாகக் குபுகுபுவென்று. செத்துக் கரையொதுங்கிய சுறாவை இரும்புச் சட்டியில் வறுத்தால் எப்படி இருக்கும், அப்படி. திருநள்ளாறு கோபுரம் தெரிந்தது. அப்பா மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"வண்டிய நிறுத்து" என்றார். இறங்கி ரோட்டோரம் போய் வாந்தி எடுத்தார். வெறும் வயிறு, மஞ்சளாகத் தண்ணீர்தான் வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி, "எத்தன நாளா?" என்று கேட்டார்.

"என்னதுப்பா?"

"கவுச்சி. வண்டில வச்சுத்தான் திங்கிறியா?"

சிவபாலன் சீட்டுக்கு அடியில் குனிந்து தேடினான், டிக்கியைத் திறந்தான். "நேத்து கிளிஞ்சல்மேட்ல வண்டி நின்னுச்சுப்பா, அதுதான்…" என்றான்.

"அங்க ஒனக்கு என்ன வேல?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் என் பக்கம் திரும்பினார். நான் இன்னும் அந்தப் பின் சீட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். "தம்பி, மீன் திங்கிறது குத்தம் இல்ல. ஒங்க வீட்டு வழக்கம், திங்கிறீங்க. மறைக்கிறதுதான் குத்தம். நீயாவது சொல்லு. இவன் சாப்புடுறானா?"

இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி, பிறகு இது என்ன வாடை என்பதுதான். அந்தக் கேள்விக்கு என்னிடம்தான் பதில் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நடந்தே கோயிலுக்குப் போனார், பஸ்ஸில் வீடு திரும்பினார். காரில் மறுபடி ஏறவே இல்லை.

அன்று மாலை, வண்டியைக் கழுவித் தருகிறேன் என்று சாவியை மட்டும் வாங்கி, ஃபில்டரைக் கழற்றிச் சோப்புத் தூளில் மூன்று முறை கசக்கிக் காயவைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. எலி செத்துக் கிடந்தது, எடுத்துப் போட்டுவிட்டேன் என்று சிவபாலனிடம் சொன்னேன். அவன் அதைக் கொண்டுபோய் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். "எலி வாடைக்கும் மீன் வாடைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும்" என்று முடித்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து மதியம் சிவபாலன் என்னை மெஸ்ஸுக்குக் கூப்பிட்டான். வஞ்சிரம் வறுவல் ஒன்று சொன்னான். நான் அவனைப் பார்த்தேன். "திங்காத மீனுக்குப் பேரு வாங்கியாச்சு. தின்னுட்டே வாங்குவோம்" என்றான். ஒரு வாய் வைத்தான், எழுந்து ஓடினான். கை கழுவும் தொட்டியில் அவன் ஓங்கரிக்கும் சத்தம் மேசை வரைக்கும் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய, அந்தத் துண்டை முழுவதும் தின்று முடித்தான். எதிரே உட்கார்ந்து நானும் தின்றேன். என் வாழ்நாளில் என்னை நானே அருவருத்தது என்றால் அந்த அரைமணி நேரம்தான். இருந்தும் சொல்லவில்லை. பிறகு அவனுக்கு மீன் பழகிவிட்டது, பிடித்தும் போயிற்று. எனக்குத் தைரியம் வந்து அப்பாவிடம் போய்ச் சொல்லலாம் என்றிருந்தபோது, அவன் நிஜமாகவே மீன் தின்கிறவனாக இருந்தான். என் உண்மையால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லாமல் போயிற்று.

அப்பா நோயில் படுப்பதற்கு முந்தைய வருடம் ஒருநாள், சிவபாலன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "அன்னைக்கு ரோட்ல வச்சு ஒன்னக் கேட்டேன். கூட்டாளியக் காட்டிக் குடுக்கல நீ. அதுல எனக்கு ஒம்மேல ஒரு மரியாத தம்பி" என்றார். நான் வாயைத் திறந்தேன். அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். குடித்தேன்.

அவர் இப்போது இல்லை. அம்மாவும் இல்லை. தலத்தெரு வீடு கைமாறி, இடித்து, மாடி மாடியாக எழும்பி நிற்கிறது. கார் காயலான் கடைக்குப் போயிற்று. சிவபாலன் ஓசூர்ப் பக்கம் போய்விட்டான், பொங்கலுக்குப் போன் செய்கிறான். கிளிஞ்சல்மேட்டில் எல்லாம் ஃபைபர் படகு, சுறா எண்ணெய் டின்னைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அந்த வீட்டின் கூடம்தான் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அப்பா கண்ணை மூடும் வரை, பதினோரு வருடம், சிவபாலனுக்குத் தனித் தட்டு, கொல்லைத் தாழ்வாரத்தில். அப்பாவுக்குக் கூடத்தில் இலை. அந்த வீட்டில் நான் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன். எனக்கு அவர் பக்கத்திலேயே இலை போடச் சொல்வார்.