சிவப்பில் பறந்த தீர்த்தம்

எங்கள் ஊரில் என்னை ‘ட்ரோன் ஓட்டுற பொம்பள’ என்பார்கள். பாராட்டிச் சொல்கிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கல்வராயன் மலை அடிவாரத்து ஊர். பயிருக்கு மருந்தடிக்க மகளிர் குழுவுக்கு வந்த ட்ரோன் அது. பயிற்சிக்குப் போய், பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கியவள் குழுவில் நான் ஒருத்திதான். அதுவரை கூலி வேலைக்குக் கூப்பிட்ட கரும்புக்காரர்கள், அதன் பிறகு வாசலில் வந்து நின்று, “எப்பம்மா வர்றீங்க?” என்று கேட்டார்கள். அந்த மரியாதைக்காகவே லைசென்ஸை உயிராக வைத்திருந்தேன்.

ட்ரோனை ஏற்றுவதற்கு முன் போனில் வரைபடம் பார்க்க வேண்டும். பச்சை என்றால் குறிப்பிட்ட உயரம்வரை யாரையும் கேட்க வேண்டியதில்லை. மஞ்சள் என்றால் விமான நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டும். சிவப்பு என்றால் மேலிடத்து உத்தரவில்லாமல் தொடவே கூடாது. எங்கள் ஊர் எப்போதும் பச்சைதான். எங்களை மதித்து எந்த விமானம் வரப்போகிறது?

கும்பாபிஷேகம் வந்தது. தீர்த்தத்தை ட்ரோனில் தெளிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பக்கத்து ஊரில் தெளித்துவிட்டார்கள். எங்கள் ஊருக்கு மானப் பிரச்சினை. ஆனால் அமைச்சர் வருகிறார் என்று அன்றைக்கு எங்கள் வட்டாரத்தையே சிவப்பாக்கியிருந்தார்கள். விழாக் கமிட்டித் தலைவரிடம் போனைக் காட்டினேன்.

“சாமி காரியத்துக்கு இன்னாம்மா பர்மிஷனு?”

“செவப்புல ஏத்துனா லைசென்சு போயிடுங்க. ஜனங்க தலைக்கு மேல ஓட்டவும் கூடாது. நேத்து வரைக்கும் அந்த டேங்குல களைக்கொல்லி ஊத்திக்கினு இருந்தேன். சோப்புத்தண்ணி ஊத்தி நல்லா அலசணும்.”

அலசவில்லை. சுத்தி செய்தார்கள். அர்ச்சகர் டேங்குக்குள் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர் விட்டு, மந்திரம் சொல்லி, வெளியே சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டினார். தோஷம் போய்விட்டதாம். போயிருக்கும். மருந்து போகவில்லை.

நான் மாட்டேன் என்றேன். என் வீட்டுக்காரர் என் கையிலிருந்து ரிமோட்டையும் போனையும் பிடுங்கித் தன் தம்பியிடம் கொடுத்தார். கொழுந்தனுக்கு லைசென்ஸ் கிடையாது. என்னோடு வயலுக்கு வந்து பார்த்துக் கற்றுக்கொண்டவன். என் போனைத் திறக்கும் எண்ணும் அவனுக்குத் தெரியும். ட்ரோன் என் பெயரில் மேலே ஏறியது.

தீர்த்தம் விழுந்தபோது ஊரே அண்ணாந்து, வாயைத் திறந்து, முகத்தில் வாங்கிக்கொண்டது. கண்ணீர் வந்ததும் பக்திப் பரவசம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு அடிபம்புக்கு ஓடினார்கள். நான் சிரித்தேன். அதற்காக எனக்கு வெட்கமும் இல்லை.

கண் எரிந்ததற்கு யாரும் புகார் கொடுக்கவில்லை. அமைச்சர் அப்போது கள்ளக்குறிச்சியையே தாண்டவில்லை. ஆனாலும் சிவப்பில் பறந்ததற்காகப் போலீஸ் வந்தது.

ஸ்டேஷனுக்குப் போகும் முன் வீட்டில் கூடி முடிவு செய்துவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை, எனக்குச் சொன்னார்கள். “உன்கிட்ட லைசென்சு கீது, தண்டன கம்மியா வரும். அவனுக்கு இல்ல, உள்ள தள்ளிடுவாங்க. பொண்ணு வேற பாத்துக்கினு கீறோம்,” என்றார் மாமியார்.

ஸ்டேஷனில், “யார் ஓட்டுனது?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“இவதாங்க,” என்றார் என் வீட்டுக்காரர். கூட வந்த ஊர்க்காரர்கள் தலையாட்டினார்கள். ஒருத்தருக்கும் இன்னும் கண் சிவப்பு ஆறவில்லை.

“நான் ஓட்டலைங்க.”

“பின்ன ஊர்ல யாருக்கும்மா லைசென்சு இருக்குது?”

“எனக்கு மட்டுந்தாங்க,” என்றேன்.

அதைத்தான் என் வாக்குமூலமாக எழுதிக்கொண்டார். லைசென்ஸ் அதோடு போனது. கொஞ்ச நாளில் கொழுந்தன் ட்ரோன் பைலட் பயிற்சிக்குக் கிளம்பினான். வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுக்கச் சொன்னார் மாமியார். கட்டிக் கொடுத்தேன்.